மூச்சு விட ஒரு விதி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிண்டலுக்குக் கிளம்பிய பெயர்தான். ஆனால் அவள் அதை மேடையேறி வாங்கிய பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டாள். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. காதோரம் நரை. மற்றவர்கள் மேசையில் பிஸ்கட் உறையும் சார்ஜர் ஒயரும் புரண்டு கிடக்கும். இவள் மேசையில் கணினி, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். பக்கத்து மேசைக் காகிதம் ஒன்று எல்லை தாண்டி வந்துவிட்டால், பேச்சே இல்லாமல் ஒரு விரலால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்த நிறுவனம் நடத்திய இணையதளங்களில் ஒன்று கண் தெரியாதவர்களுக்கானது. அவர்கள் அதில் எழுதுவார்கள். எழுதியதை ஓர் இயந்திரக் குரல் வாசிக்கும். மற்றவர்கள் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். பேருந்தில் பட்ட பாடு, பிள்ளையின் குறும்பு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எல்லாம் வரும். எழுத்தோடு சேர்ந்து குறிச்சொற்களும் வரும். இங்கே பத்தி தொடங்குகிறது, இங்கே முடிகிறது, இங்கே அழுத்திப் படி என்று கணினிக்குச் சொல்கிற சின்னச் சின்னச் சொற்கள் அவை. அந்தச் சாக்கில் எவனாவது விஷமக்காரன் கெட்ட கட்டளை ஒன்றையும் செருகிவிட்டால், கேட்க வந்தவர் கணினியில் அது புகுந்து விளையாடிவிடும். அதனால் எழுதியது எதுவானாலும் வடிகட்டிய பிறகுதான் தளத்தில் ஏறும். வடிகட்டுவதற்கென்று யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பு ஒன்று உண்டு, லைப்ரரி என்பார்கள். அதை எடுத்துவைத்து, எது உள்ளே வரலாம், எது கூடாது என்று அதற்கு விதிகள் எழுதிக் கொடுப்பதுதான் சல்லடை அக்காவின் வேலை.

அவள் விதிகள் கறார். கெட்டதைப் பட்டியல் போட்டு மாளாது, நல்லதை மட்டும் பட்டியல் போடு, மற்றதெல்லாம் தானாக வாசலில் நிற்கும் என்பது அவள் கொள்கை. திறந்த குறிச்சொல்லை மூடாமல் விடுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கதவைத் திறந்துபோட்டுப் போகிறவர்கள் என்று அவர்களைச் சொல்வாள். வடிகட்டி எறிந்ததை எங்காவது சேர்த்து வைக்கலாமே என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "கசடைக் கட்டிவச்சு யாரு சீர் செய்யப் போறா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எறிந்தது எறிந்ததுதான்.

இப்படிப்பட்டவள் எழுதிய விதிகளுக்குள் ஒரே ஒரு விதி மட்டும் செல்லப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதற்குக் காரணம் அவள் தங்கை.

தங்கைக்குச் சிறு வயதிலேயே பார்வை மங்கி, பள்ளிக்கூடம் முடிவதற்குள் முழுக்கப் போய்விட்டது. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபிறகு அக்காதான் எல்லாம். கல்யாணம் ஆனபோதும் தங்கையை உடன் அழைத்துக்கொண்டுதான் வந்தாள். மின்தூக்கி பழுது பார்க்கிற வேலையிலிருந்த மாப்பிள்ளைக்கு அதில் வருத்தம் இல்லை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று அவர் சொல்ல, தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தங்கை எந்தத் துணி உடுத்துவது, யாரோடு பேசுவது, எந்தத் தெரு வழியாக நடப்பது, எல்லாம் அக்கா கையால் வடிந்துதான் போகும். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்பு அளவுக்கு மிஞ்சினால் மூச்சு முட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வருகிற தொலைபேசி அழைப்புகளை அந்தந்தப் பிரிவுக்கு இணைத்துவிடும் வேலைக்குத் தங்கை அக்காவுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டபோது தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது அக்கா. "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க, அவ்வளவு தூரம் வந்து தனியா இருக்க முடியாது" என்று பதமாகச் சொல்லி வைத்துவிட்டாள். வைத்ததோடு விட்டாளா, தங்கையிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்களோ, ஆள் பஞ்சமோ, மறு வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். அப்போது போன் தங்கை கையில் இருந்தது.

அன்று நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. "எனக்குக் கண்ணு தெரியலக்கா, காது கேக்கும். என் போனை என்கிட்ட குடுக்க மாட்டியா?" என்று தங்கை கத்தினாள். அக்கா அவளைவிட உரக்கக் கத்தினாள். நன்றி கெட்டவள் என்றாள், தடுக்கி விழுந்தால் தெரியும் என்றாள், இன்னும் என்னென்னவோ. தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்ன கடைசி வார்த்தை இதுதான்: "நானா கூப்பிடுற வரைக்கும் எனக்குக் கூப்பிடாதே."

அக்கா கூப்பிடவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இரண்டு போயிற்று, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாள். தங்கையும் கூப்பிடவில்லை. சுகமாக இருக்கிறாள், வேலையில் நல்ல பெயர் என்பதெல்லாம் சுற்றிவளைத்து மாப்பிள்ளை காதுக்கு வந்து சேரும். அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொல்வார். அக்கா தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள். "ஒரு போன் போட்டாத்தான் என்ன?" என்று அவர் ஆரம்பிப்பார். "கூப்பிடாதேன்னு சொல்லியிருக்காங்க" என்பாள், கோர்ட்டு உத்தரவைப் படிப்பதுபோல.

அப்படியிருக்கும்போதுதான் தங்கை அந்தத் தளத்தில் எழுத வந்தாள். புனைபெயரில்தான். ஆனால் கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரித் தொலைபேசிக்கு வருகிற குரல்களைப் பற்றி எழுதுவாள். பிள்ளை பிறந்த சேதி கேட்கிறவன் குரல் எப்படி இருக்கும், தப்பான எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு வைக்க மனசில்லாமல் வானிலை பேசும் கிழவர் எப்படிப் பேசுவார் என்றெல்லாம். கண் தெரியாதவர்கள் எழுத எத்தனையோ தளம் இருக்க, அக்கா வேலை பார்க்கிற இடத்துக்கு வந்து ஏன் எழுத வேண்டும்? அக்கா அந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்து வைத்துப் பார்த்தாள். ஆசைக்கு வெட்கம் ஏது. நாளுக்கு ஒரு பதில் தோன்றியது, எல்லாப் பதிலும் அவளுக்குச் சாதகமாகவே இருந்தது.

ஒருநாள் நிர்வாகிக்கு என்று தங்கையிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. இந்த இயந்திரக் குரல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன்போல வாசிக்கிறது, மனுஷர் பேசும்போது நடுவில் நிறுத்துவார்கள் இல்லையா, எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்ல ஏதாவது வழி செய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். அப்படிப்பட்ட குறிச்சொல் லைப்ரரியில் கிடையாது. அக்கா தன் கையால் ஒன்றை உண்டாக்கினாள். 'மூச்சு' என்று பெயர் வைத்தாள். அதைப் போட்டால் குரல் சற்று நின்று, பிறகு தொடரும். அதை உள்ளே விடச் சொல்லித் தனியாக ஒரு விதியும் எழுதினாள். எழுதும்போதும் புத்தி போகவில்லை: திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவே அதன் வயிற்றுக்குள் யாரும் எதையும் ஒளித்து அனுப்பிவிடக் கூடாதே என்று, உள்ளே எது இருந்தாலும் எறி என்று கூடவே ஒரு வரி சேர்த்தாள்.

தங்கையைத் தவிர அந்தக் குறிச்சொல்லை யாரும் சீந்தவில்லை. தங்கை அள்ளி அள்ளிப் போட்டாள். அன்றிலிருந்து அக்காவின் சாயங்காலங்கள் மாறின. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, பின்பக்கத்து பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். குரல் தங்கையுடையது இல்லை, யாருடையதும் இல்லை. ஆனால் நிற்கிற இடம் தங்கையுடையது. சிரிப்பு வருமுன் அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே அது நின்றது. ஒரு பொய்யைச் சொல்லப்போகிறபோது அவள் எவ்வளவு இழுப்பாளோ அவ்வளவு இழுத்தது. அந்த இடங்களுக்காகவே அக்கா கேட்டாள். புதிதாக ஒன்றும் வராத நாட்களில் பழையதையே போட்டுக் கேட்பாள். தங்கையை நினைத்து அவள் ஏங்கினாள், இதற்கு வேறு வார்த்தை தேடவேண்டாம். பக்கத்தில் வந்து உட்காரமாட்டாளா, ஒருமுறை அக்கா என்று கூப்பிடமாட்டாளா என்று ஏங்கினாள்.

இந்த நிலையில் பழைய லைப்ரரியை எழுதியவர்கள் அதைக் கைகழுவிவிட்டார்கள். இனி பழுது வந்தால் கேட்க நாதி இல்லை. புதிய ஒன்றுக்கு மாறவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். விதிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. மேலாளர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"இது என்னம்மா, மூச்சு? ஒரே ஒருத்தர்தானே போடுறாங்க. தூக்கிடலாமே?"

"இருந்துட்டுப் போகட்டும் சார்."

மேலாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்த அம்மாள் ஒன்றை இருக்கட்டும் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. "என்ன, சல்லடையில ஓட்டை விழுந்துடுச்சா?"

"சல்லடைன்னாலே ஓட்டைதானே சார். ஓட்டை இல்லைன்னா அதுக்குப் பேரு தட்டு."

மேலாளர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அந்த விதியைப் பெயர்த்து வைத்தாள். சோதித்தும் பார்த்தாள். மூச்சைத் திறந்தாள், மூச்சை மூடினாள், நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. குரல் நின்று நிதானித்து வாசித்தது. திருப்தியாகி அடுத்த விதிக்குப் போய்விட்டாள்.

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். தங்கை எந்த நாளும் மூச்சை மூடியதில்லை. திறப்பாள், போய்க்கொண்டே இருப்பாள். பழைய லைப்ரரி அதைப் பெரிதுபண்ணாமல் தானே மூடிக்கொண்டது. புதியது அப்படியில்லை. இது வயிறே இல்லாத குறிச்சொல், மூடத் தேவையில்லை என்று அதற்குத் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், மூடுகிற இடம் வரும்வரை வருவதெல்லாம் இதன் வயிற்றுக்குள் இருப்பது என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதை எறி என்று அக்காவே எழுதி வைத்திருக்கிறாளே. ஆக, முதல் மூச்சோடு கதை முடிந்தது. அந்தக் குறிச்சொல்லை உலகத்திலேயே ஒருத்திதான் போடுகிறாள், அவளுக்காகத்தான் விதியே. ஆனால் சோதித்தபோது அக்கா தன் வழக்கப்படி எழுதிச் சோதித்தாளே தவிர, தங்கை வழக்கப்படி ஒரு வரி எழுதிப் பார்க்கவில்லை.

புதியது ஓட ஆரம்பித்த மறுநாள் சாயங்காலம் தங்கையிடமிருந்து ஒரு பதிவு வந்திருந்தது. அக்கா முகத்தைக்கூடச் சரியாகத் துடைக்காமல் பால்கனிக்கு வந்து காதில் மாட்டினாள்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்" என்றது குரல். அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் இல்லை.

அக்கா மறுபடி போட்டாள். மறுபடி போட்டாள். கொடியில் தொங்கிய ஈரத் துண்டு அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது, நகரத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் கண்டவர் குரலைப் பற்றியெல்லாம் எழுதியவள் இன்று எழுதிவிட்டாள். இருந்தாள் என்று எழுதவில்லை, இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். நானாகக் கூப்பிடும்வரை என்று சொன்னாளே, இதுதான் கூப்பிடுவதா? சமையலறைக்குப் போய் அடுப்புப் பக்கம் நின்றிருந்த கணவரின் காதில் ஒன்றை மாட்டிவிட்டாள்.

அவர் கேட்டார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். "மீதி எங்க?"

"மீதி என்ன மீதி? அவ்வளவுதான்."

"உன் தங்கச்சியா? அவ ஒரு வரியில நிறுத்துற ஆளா? தும்மினாக்கூட நாலு வரி வருமே. எங்கியோ ஒயர் கழண்டிருக்கும், பாரு."

"உங்களுக்கு எல்லாமே ஒயர்தான்" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மின்தூக்கிக்காரருக்குத் தெரிந்தது சல்லடைக்காரிக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய பதிவாவது ஒரே வரியில் நின்றிருந்தால் மோப்பம் பிடித்து அப்போதே கண்டுபிடித்திருப்பாள். இதில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. காது நிறைய இனிப்பு ஊற்றின மாதிரி இருக்கிறபோது ஓட்டையைத் தேடுவார்களா?

அடுத்துச் சில நாட்கள் அவள் வேறு ஆளாகத் திரிந்தாள். அலுவலகத்தில் எல்லை தாண்டிவந்த காகிதத்தைத் திருப்பி அனுப்ப மறந்தாள். வீட்டில், தங்கை இருந்தபோது மேசை நாற்காலி எங்கெங்கே கிடந்தனவோ அங்கங்கே இழுத்துப் போட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலிலிருந்து தங்கையின் அறைவரை நடந்து பார்த்தாள். இடித்த இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். புது இடத்துக்கு வந்த முக்காலியில் கணவர் முழங்காலை இடித்துக்கொண்டு, "கண்ணு தெரிஞ்சவன் வாழ வழியில்லை இந்த வீட்ல" என்று தடவிக்கொண்டார். ஆனால் எடுத்துப் போடவில்லை.

பதிவுக்குக் கீழே பதில் எழுத இடம் உண்டு. அக்கா அதில் "நான்தான்" என்று அடித்தாள். அழித்தாள். கூப்பிடாதே என்றால் எழுதாதே என்றும் அர்த்தமா? அவள் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? அவசரப்பட்டு, பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடக் கூடாதே. இன்னொரு பதிவு வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று வைத்தாள். இன்னொன்று வரவில்லை. புகார்தான் வந்தது.

புகார்ப் பிரிவில் இருந்தவரைப் பொறுமை அண்ணன் என்பார்கள். வருகிறவர் எல்லாரிடமும் "கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு இரத்த அழுத்தம் வந்திருந்தது. அன்று மதியம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவர் இவள் மேசைக்கு ஆள் அனுப்பினார். இவள் போனதும் சத்தமில்லாமல் வாயசைத்தார்: "உங்க டிபார்ட்மெண்டுதான். பிச்சு உதறுறாங்க. நீங்களே கேளுங்க." ஸ்பீக்கரை அழுத்தினார்.

"...உங்க தளத்துக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? இவ்வளவு நீளம் எழுதினேன். இன்னைக்கு லீவுன்னு போட்டுக் கேட்டா, முதல் வரியோட வாயைக் கட்டி வச்சிருக்கீங்க. யாரு வெட்டினது? யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

தங்கையின் குரல். கொஞ்சம் கட்டையாகியிருந்தது. கோபம் வந்தால் கடைசி வார்த்தையை ஏற்றிவிடுகிற பழக்கம் அப்படியே இருந்தது. அக்காவுக்குக் குரலைக் கேட்ட சந்தோஷமும், கேட்ட சேதி போட்ட அடியும் ஒன்றாக வந்ததில், எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. அந்த வரி ஒரு வரி இல்லை. வெட்டிப்போட்ட கிளையில் ஒட்டியிருந்த ஓர் இலை. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் பொறுமையா சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன், பழக்கதோஷத்தில். "யாரும் வெட்டலை. புது வடிகட்டி போட்டிருக்கோம், அதுல ஏதோ கோளாறு. நீங்க எழுதினது..." இவளைப் பார்த்தார். "மீட்டெடுக்க முடியுமா?" என்று வாயசைத்தார்.

அக்கா தலையை ஆட்டினாள், முடியாது என்று. எறிந்ததை வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

"அது போயிடுச்சும்மா. மன்னிச்சுக்குங்க. சரி பண்ணிட்டு சொல்றோம், மறுபடி எழுதிப் போடுங்க."

"மறுபடியா? ஒரு தடவை எழுதுறதுக்கே எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியுமா?" என்றாள் தங்கை. குரல் இறங்கிவிட்டது. கோபமாக இருந்தபோது கேட்டுக்கொண்டு நின்ற அக்காவால், அது இறங்கியதும் நிற்க முடியவில்லை. ஒரு வார்த்தை, ஏ குட்டி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் பெட்டியோடு நின்று சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அண்ணனின் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: இன்னைக்கே சரியாகிடும்.

திருத்தம் கால் வரி. இது வயிறில்லாத குறிச்சொல் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை எறி என்ற வரியையும் எடுத்துவிட்டாள். இந்த முறை தங்கைபோலவே எழுதிச் சோதித்தாள்: திறந்து, மூடாமல், மேலே மேலே போய். முழுக்க வந்தது. இந்தக் கால் வரிக்கு முன்னாலேயே இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தால், தங்கை தன்னைப் பற்றி என்ன எழுதினாள் என்று இப்போது தெரிந்திருக்கும். நல்லதாக எழுதியிருப்பாளா? திட்டியிருப்பாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிடவேண்டும் என்று இருந்தது. இனி அவள் எழுதாமலே விட்டுவிட்டால், அந்த ஒரு வரியோடு மிச்ச நாளைக் கழிக்கவேண்டியதுதான்.

சாயங்காலம் வந்து பால்கனியில் உட்கார்ந்தாள், ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. கணவர் முக்காலியைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார். பல சாயங்காலங்கள் இப்படிக் கழிந்தபிறகு, மழை வரும்போல இருந்த ஒரு நாளில், துணியை எடுக்க எழுந்தவள் சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்று பார்த்தாள். வந்திருந்தது. நின்றபடியே கேட்டாள்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்" என்றது குரல். நின்றது. "சின்ன வயதில் எனக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவாள். ஓநாய் வரும் பக்கம் வந்தால் புரட்டிவிடுவாள்." நின்றது. "ரொம்ப நாள்வரை உலகத்தில் ஓநாயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வேலைக்கு வந்த முதல் மாதம் ஓநாய்களாகத்தான் வந்தார்கள். எனக்கு ஓடத் தெரியவில்லை, கடிக்கவும் தெரியவில்லை. ராத்திரி அறையில் படுத்து அவளைத் திட்டுவேன். திட்டிக்கொண்டே, இந்த நேரத்தில் அவள் இருந்தால் எப்படி விரட்டியிருப்பாள் என்று நினைப்பேன்." நின்றது. அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் அவளை மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் தினம் ஊரில் இருக்கிற எல்லாரையும் எல்லாரோடும் இணைத்துவிடுகிறேன். பெண்ணை அம்மாவோடு, புருஷனைப் பெண்டாட்டியோடு, யார் யாரையோ யார் யாரோடோ. என் கைப்பேசி பக்கத்திலேயே கிடக்கும். அதே பழைய எண்தான். எத்தனையோ பேர் மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை." நீளமாக நின்றது. முடிந்துவிட்டதோ என்று அக்கா பயந்தாள். "அது அடிக்கவே மாட்டேன் என்கிறது."

தூறல் ஆரம்பித்துவிட்டது. துணி நனைய ஆரம்பித்தது. அக்கா எடுக்கவில்லை. காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினாள். ஒருமுறை தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள். இரண்டாவது மணி முழுசாக அடிப்பதற்குள் தங்கை எடுத்துவிட்டாள்.

"யாரு?"

"நான்தான்."

சொன்ன மாத்திரத்தில் அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படபடவென்று பேச ஆரம்பித்தாள். "கோவிச்சுக்காதேடி. நீயா கூப்பிடுற வரைக்கும் கூப்பிடாதேன்னு நீ சொன்ன, அதான் நான் இத்தனை நாளும்... நீ சொன்னியேன்னுதான்..."

"சொன்னேன்" என்றாள் தங்கை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லமுடியாத குரல். "தனியா கடைக்குப் போறேன்னு சொன்னேன், விட்டியா? பச்சைச் சட்டைதான் போடுவேன்னு சொன்னேன், விட்டியா? என் போனை என்கிட்ட குடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? பொறந்ததுல இருந்து நான் சொன்னது ஒண்ணையாவது நீ கேட்டிருக்கியாக்கா? போயும் போயும் இதைப் போய்க் கேட்டுட்டியே!"